என் முழங்கால் பக்கத்துச் சுவிட்சு

நவம்பர் 12, 2006, ஞாயிறு

என் மகள் கோர்தானாவுக்கு,

நானும் உன் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், பசு கறக்கிறது, விறகு வசந்தம் வரை போதும். நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் நிகோலாவும் அந்தக் கனடாக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். போன மாதம் நீ போனில் "அப்பாகிட்ட இருந்து கார் சாவிய எடுத்து ஒளிச்சு வைம்மா" என்று சொல்லிவிட்டு என் பதிலைக் கேட்காமலே வைத்துவிட்டாய், அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன், ஆனாலும் அதற்குத்தான் இந்தப் பதில், பொறுமையாகப் படி.

உனக்குச் செய்தி சொன்னது எதிர்வீட்டு ஸோர்காவின் மகள் என்று எனக்குத் தெரியும், ஒன்றை ஒன்பதாக்கித்தான் சொல்லியிருப்பாள். நடந்தது இதுதான், அப்பா வண்டியைப் பின்னால் எடுத்தபோது ஸோர்காவின் வேலியில் இடித்துவிட்டார், அவள் அடுக்கி வைத்திருந்த பூசணிக்காயெல்லாம் ரோட்டில் உருண்டன. ஸோர்கா ஓடி வந்து "பூசணிக்கா கெடக்கட்டும் வுகாஷின், எம் பேத்தி நிக்கிற எடம்ப்பா அது" என்றாள். அப்பாவோ "கழுத்து திரும்பல, மிரர் பாத்துத்தான் எடுக்கறேன், பின்கண்ணாடி பூரா சேறு, நான் என்ன பண்ணட்டும்? இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் பின்னாலயும் ஒரு வைப்பர் இருக்கு, அத மாட்டிட்டா எவ வேலிக்கும் நான் போக மாட்டேன்" என்று பிடித்த பிடியாக நின்றார். நானும் நம்பினேன், நம்புவது எனக்கும் சௌகரியமாக இருந்தது.

நம் ஸஸ்தாவா காருக்கு உன்னைவிட ரெண்டு வயதுதான் குறைவு, அதில் இந்த வேலையைச் செய்யத் தெரிந்தவன் இந்தப் பக்கத்தில் ஒருவன்தான், உன் சித்தப்பா மிலுன். அவனுக்கும் எனக்கும் உள்ள கணக்கு உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். 1987 டிசம்பர் 19, சனிக்கிழமை, நம் வீட்டுப் புனிதரின் ஸ்லாவா திருநாள், மேசையில் பதினாறு பேர், நான் சுட்ட ரொட்டியைப் பிட்டுப் பார்த்து "நடுவுல இன்னும் மாவாவே இருக்கு அண்ணி, கோழிக்குப் போடலாமா" என்றான். யார் யார் சிரித்தார்கள், யார் எந்த நாற்காலியில் இருந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். நான் அன்றைக்குத் திருப்பிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனவன் பதினெட்டு ஸ்லாவாவுக்கு வரவில்லை. ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, வருகிறவன் வருவான், அதனால் அவன் வராதது என் தப்பில்லை.

அப்பா ஆள் அனுப்பி வியாழக்கிழமை வந்தான். ஏதோ உடைத்துப்போட்ட காரிலிருந்து கழற்றிய சின்ன மோட்டார், ஒரு சுருள் கம்பி, துளை போடும் மெஷின். "இன்னும் உயிரோடதான் இருக்கீங்களா அண்ணி" என்றான், "ஒன்ன ஏமாத்தத்தான்" என்றேன். பின்கதவில் கண்ணாடிக்குக் கீழே ஓட்டை போட்டு, துருப் பிடிக்காமல் விளிம்பில் பெயின்ட் தடவி மோட்டாரை வைத்தான், கம்பியைக் கதவுக் கீல் பக்கம் ஒரு ரப்பர் குழாய்க்குள் நுழைத்து, தரை விரிப்புக்கு அடியில் முன்பக்கம் வரை இழுத்தான். முதல் தடவை போட்டு நிறுத்தியபோது வைப்பர் கண்ணாடியின் நட்ட நடுவில் செத்த காக்காய் இறக்கை மாதிரி நின்றுவிட்டது. அப்பா "இவ்வளவுதானாடா ஒன் வித்த" என்று சிரித்தார். "பொறுண்ணே, நிறுத்தினப்புறமும் அது தன் எடத்துக்குத் திரும்பிப் போகணும்ல, அதுக்குன்னே ஒரு கம்பி எப்பவும் உயிரோட இருக்கணும், அத இன்னும் குடுக்கல" என்றான். கொடுத்தான், அது அடங்கிப்போய்த் தன் இடத்தில் படுத்தது. நான் உன்னைத்தான் நினைத்தேன், வேறு என்ன எழுத.

ஆனால் சுவிட்சை எங்கே வைத்தான் தெரியுமா? ஓட்டுகிறவர் இடது பக்கம், அவன் வைத்தது வலது கடைசியில், நான் உட்காரும் இடத்தில், என் முழங்காலுக்கு நேரே. "ஓட்டறவன் அங்க, சுவிட்சு இங்கயா? இதையும் கோழிக்குப் போடலாமா" என்று கேட்டேன். "கம்பி இங்கதான் எட்டுச்சு அண்ணி" என்றான். அவன் தோளில் மிச்சக் கம்பி ஒரு முழம் தொங்கியதை நான் பார்த்தேன்.

தண்ணீர் பீய்ச்சுகிற டப்பாவைப் பின்னால் ஓரமாக மாட்டினான். வெறும் தண்ணீர் உறைந்துவிடும், எல்லாரும் செய்வதுதானே, காய்ச்சும்போது முதலில் இறங்குகிற காட்டமான ரக்கியாச் சாராயம் கொஞ்சம் கலக்கலாம் என்றான். அப்பா நிலவறைக்குப் போய் பாட்டில் கொண்டுவந்து ஊற்றினார். நான் சுவிட்சை அழுத்தியதும் கண்ணாடியில் மஞ்சளாக வழிந்தது, அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, முசுக்கட்டை மரப் பீப்பாயில் கிடந்த வாசனை அது, நிகோலா பிறந்த வருஷம் காய்ச்சி அவன் கல்யாணத்துக்கென்று நாம் எடுத்துவைத்தது! நான் மிலுன் மேல் பாய்ந்தேன். அவன் ஒரு நிமிஷம் அண்ணனைப் பார்த்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டு "ஆமா அண்ணி, பாட்டில நாந்தான் மாத்திட்டேன், திட்டிக்கங்க" என்றான். பதினெட்டு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டினேன், காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

மறுநாள் காலை பால் கறக்கும்போது எல்லாவற்றையும் திரும்ப நினைத்துப் பார்த்தேன், என் மனசு எதையும் தவறவிடாது, அதுதான் என் சாபம். மிலுன் அன்று முழுக்க வண்டியை விட்டு நகரவே இல்லை. அவன் கை இரண்டும் கரி, பாட்டிலில் ஒரு கரி விரல் தடம்கூட இல்லை. நிலவறைக்குப் போனது அப்பா. ஒரு பாட்டில் தண்ணீர் நிறம், இன்னொன்று தேன் நிறம், ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. தண்ணீரையும் தேனையும் அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை கோர்தானா.

அப்படியும் எனக்கு வாய் வரவில்லை, நேற்றுச் சந்தைக்குக் கிளம்பினோம். நான் சுவிட்சை அழுத்தினேன், பீய்ச்சியது, துடைத்தது, கண்ணாடி பளிங்காக இருந்தது. அப்பா மிரரைப் பார்த்தபடியே "சுத்தமாயிடுச்சா?" என்று என்னைக் கேட்டார். நான் திரும்பிப் பார்த்தேன், ஸோர்காவின் பேத்தி சிவப்புக் கோட்டுப் போட்டு வேலியோரம் குனிந்து வால்நட் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "நிறுத்து" என்றேன். "என்னடி?" "செவப்புக் கோட்டு." "எங்க?" என்றார். குழந்தை மடியில் வால்நட்டை அள்ளிக்கொண்டு உள்ளே போகும் வரை உட்கார்ந்திருந்தோம். நான் சுவிட்சை அணைத்தேன், வைப்பர் தன் இடத்துக்குப் போய்ப் படுத்தது. அப்பா எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து என் மடியில் வைத்து, "மிலுனக் கூப்பிடு, அவன் ஓட்டட்டும்" என்றார். நான் ஒளித்துவைக்கவில்லை, அவரே கொடுத்தார், அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்.

செவ்வாய்க்கிழமை மிலுன் எங்களை டவுனில் கண் டாக்டரிடம் கூட்டிப்போகிறான், புரையாக இருந்தால் எடுத்துவிடலாமாம். எப்போது தெரிந்தது உனக்கு என்று அவனைக் கேட்டேன். "வந்த அன்னிக்கே அண்ணி, அண்ணன் கை குடுக்க கைய அந்தப் பக்கம் நீட்டினாரு, நான் நின்னது இந்தப் பக்கம்" என்றான். நாற்பது வருஷமாகக் கூடவே இருக்கிற நான் பார்க்காததை அவன் ஒரு கை நீட்டலில் பார்த்துவிட்டான்.

சாவி விஷயத்தில் நீ சொன்னது சரி, இதை ஒரு தடவை எழுதிவிட்டேன், போனில் கேட்டால் சொல்ல மாட்டேன். பாட்டிலை மாற்றி எடுத்தது தான்தான் என்று அப்பாவுக்குத் தெரியாது, பழி மிலுன் தலையிலேயே இருக்கட்டும், நிகோலா கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மிச்சம் இருக்கின்றன. மிலுனை நான் ஸ்லாவாவுக்குக் கூப்பிடவில்லை, கூப்பிடும் வழக்கம் நமக்கு இல்லை. இந்த வருஷம் ரொட்டியை ஒரு மணி நேரம் முன்னாலேயே அடுப்பில் வைப்பேன் என்று மட்டும் அவன் காதில் விழச் சொன்னேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள், கடவுள் உங்கள் வீட்டுக் கூரையைக் காக்கட்டும். அடுத்த தடவை போன் செய்தால் என் பதிலைக் கேட்டுவிட்டு வை. கடிதம் போட்டால் பெரிய பெரிய எழுத்தாக எழுது, அப்பா தானே படிக்கட்டும்.

எதையும் மறக்காத உன் அம்மா,
ஸ்தமென்கா