பூட்டிய வரைபடத்தில் மாறிய அளவு

வைகாசி 6, திங்கள்

சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது. விசைப்பலகை முழுதும் புழுதி. துடைத்துவிட்டுத்தான் வேலை.

வகுப்பில் மேசை மேசையாகப் போகும்போது ஒரு பிள்ளை முன்பு கேட்டது: "ரீச்சர், பிழை பிடிக்க வாறியளோ, எங்களைப் பாக்க வாறியளோ?" என்ன பதில் சொன்னேனோ, நினைவில்லை. வேலணை அலுவலகத்தில் புதுக் கதிரையில் இருந்ததும் அந்தக் கேள்விதான் வந்தது.

பொறுப்பு: வீட்டு வரைபட மென்பொருள். எல்லோரும் ஒரே மாதிரி வரைய வேண்டும். யார் எதை மாற்றலாம் என்பதை இனி நான் சொல்ல வேண்டும். வரைதல் படிப்பித்து ஓய்வுபெற்றவளுக்குப் புது உத்தியோகம்.

முதலாளி மோகன் லண்டனிலிருந்து பேசினார். அவர் சரியென்று ஒப்புக்கொண்ட வரைபடங்களில் பிறகு அளவு மாறுகிறதாம். வெள்ளிக்கிழமை ஆளின் பெயர் வேண்டும். அந்த ஆளை நிறுத்திவிடுவாராம்.

வரைபவர்கள் இருவர். சுதா, நயினாதீவிலிருந்து தினமும் படகில். ஜெறாட், அல்லைப்பிட்டி. நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. எனக்கு மட்டும் தேநீர் தட்டோடு. மரியாதையா, தள்ளிவைப்பா?

7, செவ்வாய்

பொது மாதிரிக் கோப்பு முடிந்தது. அளவுகள் எல்லாம் ஐம்பது மில்லிமீற்றருக்கு முழுமையாக்கப்படும். கொப்பியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே ஓரக்கோடு போட்டால் திருத்துவது சுகம் அல்லவா, அதுபோல.

புளியங்கூடல் வீடு: விறாந்தைக்கு அடுத்த மண்டபம் 3650. யாரும் மாற்றாதபடி பூட்டினேன்.

தேநீர் போடும் குசினிப் பக்கம் ஜெறாட்டின் குரல்: "மோகன் அண்ணை கமராவுக்குச் சீலை உடுத்தி அனுப்பியிருக்கிறார்." சுதா சிரித்தாள். நல்ல பகிடிதான். சிரிப்பு வரவில்லை.

வாங்க: மை, கண்ணாடித் துணி, பனடோல்.

8, புதன்

மண்டபம் 3581!

கடவுச்சொல் பழைய மேலாளருடையது, மாற்ற மறந்தேன். மாற்றியது சுதாவின் கணினியில். சுவர் குறைந்தால் கல் குறையும். ஒப்பந்தக்காரரோடு ஏதும் ஒழுங்கோ? மற்ற வீடுகளையும் பார்த்தேன். ஒன்றில் குறைவு, இன்னொன்றில் கூடுதல். களவென்றால் ஒரு பக்கம்தானே சாய வேண்டும்.

சுதாவிடம் கேட்கவில்லை. கேட்டால் மறைத்துவிடுவாள் என்ற எண்ணம். மோகனுக்கு மின்னஞ்சலில் அவள் பெயரை எழுதினேன். அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

9, வியாழன்

ஜெறாட்டின் மோட்டார் சைக்கிளில் புளியங்கூடல்.

காணியில் கயிறு கட்டியிருந்தது. நானே அளந்தேன். 11 அடி 9 அங்குலம். அதாவது சுதாவின் 3581. வீட்டுக்காரி சொன்னார்: வீட்டுக்கு இடம் குறித்து நிலையம் எடுத்த அன்று, மனையடி சாத்திரம் பார்க்கும் ஆசாரியார் குடும்பத்துக்குப் பொருந்துமென்று கணக்குப் பார்த்துச் சொன்ன நீளம் அது. "பிசகினால் இந்த வீட்டில நாங்கள் குடிபூரமாட்டம், ரீச்சர்."

ஜெறாட்டைக் கேட்டேன். எல்லா வீட்டுக்கும் இப்படித்தானாம். மோகனுக்கு மூடநம்பிக்கை பிடிக்காது, பழைய மேலாளர் ஏசினார். ஆகவே ஒப்புதல் வந்த பிறகு ஆசாரியாரின் அளவைச் சத்தமில்லாமல் போடுவது வழக்கம்.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் அண்ணைக்குச் சொல்லுவியள் எண்டு நினைச்சம்."

எழுதி வைத்த மின்னஞ்சல் நினைவுக்கு வந்தது.

பிறகுதான் கையிலிருந்த வரைபடத்தில் கண்டேன். மண்டபச் சுவர் நகர்ந்திருக்கிறது, தூண் வரைபடம் பழைய இடத்திலேயே. தூண் சுவரை விட்டுக் கிட்டத்தட்ட மூன்று அங்குலம் வெளியே நிற்கும். நாளை தூணுக்குக் குழி வெட்டு. நிறுத்தச் சொன்னேன்.

அலுவலகம் திரும்பிச் சுதாவுக்குக் காட்டினேன். "களவாய் மாத்தினபடியால் தூண் தாளைத் திறக்கப் பயமாயிருந்தது, ரீச்சர். என்னை நிப்பாட்டுவினமோ?"

என் பூட்டுக்குப் பயந்துதான் இந்தப் பிழையே வந்திருக்கிறது. அதை அவளுக்கும் சொன்னேன்.

10, வெள்ளி

காற்று இன்னும் ஓயவில்லை. மின்னஞ்சலை அழித்தேன்.

மோகன் தொலைபேசியில் எடுத்தார். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன், பெயரைத் தவிர. இனி ஆசாரியார் அளவு வந்த பிறகுதான் ஒப்புதல், அதற்கு மாதிரிக் கோப்பில் ஓரிடம், சுவர் நகர்ந்தால் தூண் தாளும் கூடவே திறக்கும் என்றேன். நம்பிக்கை இருக்கோ இல்லையோ, குடியிருக்கப் போவது அவர்கள்.

"அவையள் உங்களையும் தங்கட பக்கம் இழுத்துப்போட்டினம் போல."

"இருக்கலாம். பேர் வேணுமெண்டால் என்ர பேரைப் போடும், தம்பி. பூட்டைப் பிழையாய்ப் போட்டது நான்."

"ஒரு மாதம் பாப்பம்," என்று வைத்துவிட்டார். என்னைப் பார்ப்பாரோ, அவர்களைப் பார்ப்பாரோ. சுதா இருக்கிறாள், இப்போதைக்கு.

எனக்குப் பின் இந்தக் கதிரைக்கு வருபவருக்கு: முதல் பூட்டைப் போடுமுன் ஒரு வரைபடத்தோடு காணிக்குப் போய், கயிறு கட்டியவரைக் கொண்டு ஓர் அளவை வாசிப்பித்துப் பாரும்.