எட்டாம் நம்பர் தறி

ஜனவரி 9, வியாழன்

இன்று சிங்காநல்லூரில் ஒரு பாழடைந்த வீட்டில் டிவி பேய் நிகழ்ச்சிக்கு ஷூட்டிங். பேய் வரும் முன் இருக்கும் அமைதியைப் பதிவு செய்ய வேண்டும். அதுதான் என் வேலை. பேய் வராது, அமைதி மட்டும் வரும், சம்பளமும் வரும்.

இடைவேளையில் அம்மா போன். எடுத்துக் காதில் வைத்தேன். நாலடி தள்ளியிருந்த மைக்கில் அவள் குரல் விழுந்து லெவல் முள் சிவப்புக்குப் போனது. டைரக்டர் ஆல்வின் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "உங்கம்மாவுக்குப் போன் எதுக்கு கயல்? பல்லடத்துல நின்னு கூப்பிட்டாலே கேக்குமே." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு லெவலைக் குறைத்தேன்.

முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவள். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய தொண்டை. ஏன் சிரித்தேன்?

சாயங்காலம் ஆல்வின் அடுத்த எபிசோட் இடத்தைச் சொன்னார். "ஒரு மூடின தறி குடோன். ஆள் இல்லாம தறி ஓடுற சத்தம் கேக்குதாம். அதுக்கு ஒரு சபையே இருக்கு." ஊர்ப் பெயரைச் சொன்னார். என் ஊர்.

ஜனவரி 12, ஞாயிறு

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எழுதி வைக்கிறேன், பிறகு நானே நம்ப மாட்டேன். அந்தக் குடோன் சின்ன முதலாளி அருள்குமாரின் அப்பாவுடையது. அம்மாவும் அப்பாவும் அங்கேதான் தறி ஓட்டினார்கள். நாலு வருஷம் முன்பு மூடினார்கள். எட்டுத் தறியை விட்டுவிட்டு மீதியைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். மூடின அடுத்த வருஷம் என் அப்பா செத்துப்போனார். அப்புறம் அருள்குமாருக்கு ஞானம் வந்தது. எட்டுத் தறிக்கும் மஞ்சள் பூசி, 'தறியய்யன் சபை' என்று போர்டு வைத்தான். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குக் கூடுகிறார்கள். எல்லாரும் அங்கே வேலை பார்த்தவர்கள், எங்கள் தெரு ஆட்கள். கோயில் பூசாரி சாமிக்கு முன்னால் வாயில் துணி கட்டுவாரே, அதே போல மஞ்சள் துணியால் வாய்க்கட்டு. ஒரு மணி நேரம் ஒரு சத்தமும் கூடாது. அப்போது செத்தவர்கள் வந்து தறி ஓட்டுகிற சத்தம் கேட்கும்.

அம்மாவுக்குக் கேட்கிறதாம். அப்பா ஓட்டுகிறாராம்.

வாய்க்கட்டு எங்கள் ஆட்களுக்கு மட்டும். அருள்குமாரின் சொந்தக்காரர்கள் வந்தால் நாற்காலி, திறந்த வாய், காப்பி.

இதுவரை எழுதியது கூடப் பரவாயில்லை. இனிதான் விஷயம்: தைப்பூசத்தன்று அம்மா நிரந்தர வாய்க்கட்டு ஏற்கப் போகிறாள். அதற்கப்புறம் சாகும்வரை பேச மாட்டாள். குடோனிலேயே தங்குவாள். முதல் ஆள் அவள்தானாம். சின்ன முதலாளி அவளைத் தேர்ந்தெடுத்தாராம். சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை.

"அப்ப எங்கூட?" என்று கேட்டேன்.

"மனசுல பேசிக்கலாங்கண்ணு."

ஜனவரி 13, திங்கள்

மனசுல பேசறதாம். மயிரு.

ஜனவரி 16, வியாழன்

ஆல்வினிடம் எல்லாம் சொன்னேன். இந்த எபிசோடை எடுக்கலாம், ஆனால் கடைசிப் பத்து நிமிடம் உண்மையைப் போட வேண்டும் என்றேன். சத்தியமாகப் போடலாம் என்றார். அம்மாவின் வாய்க்கட்டு பற்றிக் கேட்டதும் அவர் கண் விரிந்தது. அதைக் கவனித்தேன். கவனித்தும் நம்பினேன்.

கேமரா முன்னால் பொய் நிற்காது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. இரண்டு வருஷம் இந்த நிகழ்ச்சியில் வேலை பார்த்தும் அந்த நம்பிக்கை எப்படி மிச்சம் இருக்கிறது?

ஜனவரி 21, செவ்வாய்

சபைக்குப் போனோம். நானும் ஆல்வினும் மட்டும். என்னிடம் இருப்பதிலேயே நல்ல மைக்கை வைத்து ஒரு மணி நேரம் பதிவு செய்தேன். ஒன்பது பேர் வாயைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணை மூடித் தலையை ஆட்டினார்கள். ஒருவர் அழுதார். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பை அப்பா போன பிறகு பார்த்ததில்லை.

என் ஹெட்போனில் ஒரு காக்கை, தூரத்தில் ஒரு லாரி. அவ்வளவுதான்.

அருள்குமார் அவனுடைய அப்பா உட்காரும் மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைவிட ஆறு வயது மூத்தவன். பள்ளிக்கூடம் போகிற வயசிலேயே என் அப்பாவை "டேய் அங்கப்பா" என்பான். அப்பா "சொல்லுங்க சாமி" என்பார். இன்று என்னிடம் மரியாதையாகப் பேசினான். "உனக்குக் கேக்காது அம்மணி. இங்க வேர்வை சிந்துனவங்களுக்குத்தான் கேக்கும். படிச்சவங்களுக்கு அந்தக் குடுப்பினை இல்ல."

திரும்பும் வழியெல்லாம் அந்த வாக்கியம் உறுத்தியது. வேலை செய்தவர்களுக்கு மட்டும் கேட்கிறது. பொய் என்று சொல்ல முடியவில்லை. ஒன்பது பேரும் நடிக்கவில்லை. அவர்களுக்கு ஏதோ கேட்கிறது. என்ன அது?

ஜனவரி 24, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். நான் இல்லை, சபுரா அக்கா.

பல்லடம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கிறார். அம்மாவுக்குப் பக்கத்துத் தறியில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். சபைக்குப் போனதில்லை. அவரிடம் புலம்பினேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தறிக்காரர்கள் அப்படித்தான், வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார்கள். பிறகு சொன்னார்:

"எனக்குந்தான் கேக்குது கண்ணு. கரண்டுக் கம்பி இரையற மாதர ஙொய்யின்னு. பத்து வருசமா. ஊடு அமைதியாயிருச்சுன்னா ஜாஸ்தியாயிரும். காது டாக்டருகிட்டப் போனா, தறிச் சத்தத்துல நரம்பு செத்துப்போச்சு, இனி இது நிக்காதுன்னு சொல்லிப்போட்டாரு. சாமின்னு தெரிஞ்சிருந்தா நானும் ஒரு போர்டு வெச்சிருப்பேன். இட்லிக்கு ஆவுற கூட்டத்தைக் காட்டியும் ஜாஸ்தி வந்திருக்கும்."

பாதி இட்லியைத் தட்டிலேயே விட்டு எழுந்தேன்.

அப்பன் அவர்கள் காதைக் கெடுத்தான். மகன் அந்தக் கெட்ட காதை வைத்துக் கோயில் கட்டுகிறான். பேச்சை உதட்டில் பார்ப்பவர்களின் உதட்டையே துணியால் மூடுகிறான். யாரும் யாரிடமும் "உனக்கு எப்படிக் கேட்கிறது" என்று கேட்டுவிடக் கூடாது.

ஜனவரி 26, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். எதிரில் உட்கார்ந்து, உதடு தெரிய, நிதானமாக. அது காது நோய், ராத்திரி வீட்டிலும் கேட்குமே என்று கேட்டேன்.

கேட்கும் என்றாள்.

"அப்பறம் என்ன? குடோன்ல இருக்கறது அப்பா இல்லம்மா."

அவள் இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள். "நீ சொல்றது நெசமாவே இருக்கட்டுங்கண்ணு. அது நோவுன்னு ஆயிருச்சுன்னா, அப்பறம் ஒங்கொப்பன் எங்க இருப்பாரு?"

மைக் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறேன், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கோபத்தில் கத்தினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதட்டைப் பார்க்காவிட்டால் நான் கத்துவது அவளுக்கு வெறும் இரைச்சல்தான்.

பிப்ரவரி 1, சனி

ஆல்வின் எடிட்டிங் ரூமில் ஒரு சவுண்ட் லைப்ரரியிலிருந்து தறிச் சத்தம் இறக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். டக் டக் டக். குடோன் காட்சியில் மெல்லிசாகப் போடலாம் என்றார். கடைசிப் பத்து நிமிடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "சேனல்காரங்க வேண்டாங்கறாங்க கயல். ஜனங்க அதுக்கா பாக்கறாங்க?"

சரி. என்னிடம் மைக் இருக்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

பகல் பதினோரு மணி. ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி போட்டு மூடி ராத்திரி ஆக்கியிருந்தார்கள். சபைக்காரர்கள் ஒன்பது பேருக்கும் சட்டை மைக் மாட்ட வேண்டும். டெஸ்ட் எடுக்கப் பேசியாக வேண்டும், வாய்க்கட்டை ஒரு நிமிடம் அவிழ்க்கணும் என்றேன். டிவி என்பதால் அருள்குமார் சம்மதித்தான். ஒவ்வொருவராகப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனேன். முன்பு பாவு நூல் அடுக்கியிருந்த அறை. ஒன்று ரெண்டு மூன்று சொல்லச் சொல்லாமல், "உங்களுக்கு அந்தச் சத்தம் எப்படிங்க கேக்கும்?" என்று கேட்டேன்.

சில்வண்டு மாதிரி என்றார் ஒருவர். குக்கரில் வெயிட் போடுவதற்கு முன்னால் வருமே, அது என்றார் இன்னொரு அம்மா. காதுக்குள் ஒரு ஈ, பதினைந்து வருஷமாக வெளியே போகவில்லை என்றார் பாலுசாமி மாமா. சங்கு என்று ஒருவர். யாரும் தறி என்று சொல்லவில்லை. நாலு பேர் குரலைத் தாழ்த்தி (அவர்கள் தாழ்த்தினாலும் தெருவுக்குக் கேட்கும்) ஒரே மாதிரி கெஞ்சினார்கள்: "எனக்கு மட்டுந்தாங் கண்ணு தறிச் சத்தமாக் கேக்கறதில்ல. நாம் பண்ணுன பாவம் போல. வெளிய சொல்லிப்போடாத."

ஒவ்வொருவரும் தன்னைத் தவிர மற்ற எட்டுப் பேருக்கும் சரியாகக் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா கடைசி. நான் கேட்டு முடிப்பதற்குள் மைக்கை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எல்லாரும் உட்கார்ந்ததும், ஆல்வின் "ரோலிங்" என்றதும், பெரிய ஸ்பீக்கரில் அந்த டெஸ்ட் பதிவுகளைப் போட்டேன். முழு வால்யூம். செவிட்டுக் காதுக்கும் கேட்கிற வால்யூம். சில்வண்டு, குக்கர், ஈ, சங்கு. வெளியே சொல்லாதே என்றவர்கள் குரலைப் போடவில்லை.

பாலுசாமி மாமா துணியைக் கீழே இழுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் "உனக்கும் ஈயா?" என்று கேட்டார்.

அருள்குமார் சும்மா இல்லை. அவன் முட்டாள் இல்லை. தறியய்யன் அவரவர் பக்குவத்துக்குத் தக்கபடி ஒலிப்பார் என்று எழுந்து நின்று சொன்னான். பாதிப் பேர் தலையாட்டினார்கள். துணியைத் திரும்ப ஏற்றினார்கள். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அப்போது அம்மா வாய்க்கட்டை அவிழ்த்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள். "சின்ன மொதலாளி, உங்களுக்கு எப்பிடிங்க கேக்குது?"

கேமரா அவன் பக்கம் திரும்பியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். "டக்கு டக்குன்னு தெளிவாக் கேக்குது வள்ளியாத்தா. அந்தா, எட்டாம் நம்பர் தறி. உன்ற ஊட்டுக்காரன் ஓட்டிட்டு இருக்கறான்."

அம்மா எட்டாம் நம்பர் தறியைப் பார்த்தாள். மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாலை போட்டு நின்றது.

"அவரு ஒண்ணுல இருந்து நாலுங்க. அஞ்சுல இருந்து எட்டு நானுங்க. இருவது வருசம் எட்டாம் நம்பர்ல நின்னது நானுங்க."

அவள் குரல் தகரக் கூரையில் பட்டுத் திரும்பியது.

"நான் இன்னுஞ் சாகலீங்க."

பிப்ரவரி 5, புதன்

வேலை போய்விட்டது. ஆல்வின் போனில் சொன்னார், வருத்தத்தோடுதான் சொன்னார். போகட்டும்.

அம்மா பேசவில்லை. நேற்று வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. வாய்க்கட்டு இல்லாமலே.

பிப்ரவரி 8, சனி

இன்னும் பேசவில்லை. சோறு போடுகிறாள், போய்விடுகிறாள். அவள் அப்பாவை நான்தான் இரண்டாம் தடவை கொன்றேன் என்று நினைக்கிறாளா? அவள் அப்பா இல்லை, என் அப்பா. என்ன எழுதுகிறேன்.

நான் செய்தது சரி. மறுபடி செய்யச் சொன்னாலும் செய்வேன். ஆனால் சரியாக இருப்பது இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

காலையில் குளித்துப் புதுச்சேலை கட்டினாள். மஞ்சள் துணியைக் கையில் எடுத்தாள். நான் வாசலில் போய் நின்றுகொண்டேன். வழியை மறிப்பதா, காலில் விழுவதா, தெரியவில்லை.

அவள் அடுப்படிக்குப் போனாள். துணியை நாலாக மடித்து, கொதிக்கிற பருப்புச் சட்டியைப் பிடித்து இறக்கினாள்.

"நிக்கறதப் பாரு. எலை அறுத்துட்டு வா."

ஒரு வாரத்தில் முதல் பேச்சு. பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

மார்ச் 8, சனி

எபிசோட் இன்று வந்தது. பெயர் 'எட்டாம் நம்பர் தறி'. அம்மா பேசியது இல்லை. அவள் எட்டாம் நம்பர் தறியைப் பார்க்கிற பார்வை மட்டும் இருக்கிறது, மேலே டக் டக் சத்தம், திகில் இசை. பார்த்தால் பேயைப் பார்த்தவள் போல இருக்கிறாள். கோயம்புத்தூரிலிருந்து காரில் ஆட்கள் சபைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு என்ன கேட்கப் போகிறதோ.

கோபத்தில் ரிமோட்டை எறியப் போனேன். அம்மா டிவி சத்தத்தை முழுக்க வைத்துவிட்டு ஸ்பீக்கரில் காதை ஒட்டிக் கேட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"இது நாங்க ஓட்டுன நாடாத் தறியே இல்ல கண்ணு. புதுசா வந்துதே, ஆட்டோ லூம், அந்தச் சத்தம். பேயி எப்பக் கண்ணு அதை ஓட்டப் பழகுச்சு?"

மார்ச் 17, திங்கள்

கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள். சபையிலிருந்து வெளியே வந்தவர்கள் ஐந்து பேர், சபுரா அக்கா கடையைப் பூட்டிவிட்டு வந்தார், அம்மா. ஏழு பேருக்கும் காது டெஸ்ட் சீட்டு. குடோன் சத்தத்தில் போன காது என்று மனு. மூன்று பேர் இன்னும் செவ்வாய்க்கிழமை வாயைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்கிறார்கள். பாலுசாமி மாமா அங்கே இருக்கிறார். ஈயோடு.

பஸ்ஸில் அம்மாவிடம் கேட்டேன், இப்போதும் கேட்கிறதா என்று.

"கேக்குது. ஒங்கொப்பன் இல்லீன்னுந் தெரியுது. இருந்தாலும் ராத்திரி ஒருக்கா கூப்புட்டுப் பாப்பேன்."

மனு வாங்குகிற இடத்தில் இருந்தவர் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே, மெதுவாகப் பேசும்மா, எதுக்குக் கத்தறே என்றார். அம்மா அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"மெதுவாப் பேசற வேலைக்குப் போகலீங்க நாங்க" என்றாள். பிறகு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்: எந்த வருஷம் சேர்ந்தாள், எத்தனை தறி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம். ஹாலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

என் கையில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. முள் சிவப்பில் போய் நின்றது. குறைக்கவில்லை.