ஓட்டுச் சீட்டில் என் கையெழுத்து

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை இரவு.

இன்று எங்கள் நூலகத்தில் வாசகர் வட்டத் தலைவர் தேர்தல். பழைய தலைவர் சிவலிங்கம் சாரும் உரக்கடை பாலுவும் நின்றார்கள். பிடித்தவர் பெயரைச் சீட்டில் எழுதி, மடித்து டப்பாவில் போட வேண்டும்.

நான் சார் பெயரை எழுதினேன். முதியோர் கல்வி வகுப்பில் எதை எழுதினாலும் கீழே கையெழுத்துப் போட்டுப் பழக்கம். இதிலும் போட்டேன். முதல் முறையாகக் கோணாமல் வந்தது.

எண்ணும்போது நூலகர் அம்மா என் சீட்டைத் தூக்கிக் காட்டினார். "இன்னா பெரியவரே, கையெழுத்து போட்டு வச்சிருக்கீங்க? யாரு ஓட்டுன்னு தெரியக்கூடாதுங்க. இது செல்லாது."

"பேங்க் செக்குன்னு நெனச்சிட்டாரு!" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாலு ஒரே ஓட்டில் ஜெயித்ததும் என் சிரிப்பு நின்றது. சமமாக வந்தால் பழையவரே இருக்கட்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள்.

தினமும் மாலை நூலகத் திண்ணையில் நான் பேப்பரைச் சத்தமாகப் படிப்பேன். சார் எதிரில் உட்கார்ந்து கேட்பார். என் வீட்டில் கேட்க ஆள் இல்லை. தலைவர் என்பதால்தான் அவர் சின்னசேலத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தார்.

பஸ் நிறுத்தத்தில், "மன்னிச்சிடுங்க சார்" என்றேன்.

"வுடுங்க பெரியவரே. கையெழுத்து நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

பஸ் வந்துவிட்டது. நாளைக்கு வருவீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கையெழுத்து நேராக வந்ததில் இப்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதையும் அவரிடம்தான் சொல்லத் தோன்றுகிறது.