போனுக்குள் இருந்த அம்மா

அன்புள்ள லான்ஃபாங்குக்கு,

மைமையின் அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நீ போனை எடுப்பதில்லை. அதனால் உங்கள் செருப்புத் தொழிற்சாலைக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு ஷூச்சினிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். காய்ந்த இலந்தைப் பழமும் இருக்கிறது. வழியிலேயே அவள் தின்று தீர்க்காவிட்டால் உனக்குக் கிடைக்கும்.

குழந்தை வளர்ப்பு மையத்துக்கு வாரந்தோறும் போகிறோம். அத்தனை பெண்களுக்கு நடுவே நான் ஒருவன்தான் ஆண். உள்ளே நுழைந்தாலே, "தாடி வச்ச அம்மா வந்தாச்சு, இடம் விடுங்கடி" என்று ஒரே சிரிப்பு. நானும் கூச்சத்தை விட்டுப் பிள்ளைகளோடு தரையில் தவழ்ந்து வாத்து மாதிரி கத்துகிறேன். குவாரியில் என் கால் நசுங்காமல் இருந்திருந்தால் நான் அங்கே உழைத்திருப்பேன், நீ இங்கே தவழ்ந்திருப்பாய். அதை நினைக்காத நாளில்லை.

புத்தாண்டுக்கு நீ வந்தபோது நடந்ததை மையத்து டீச்சர் யானிடம் சொன்னேன். நீ கை நீட்டியதும் மைமை என் பின்னால் ஒளிந்தாள். பிறகு போனை எடுத்து வந்து "அம்மா, அம்மா" என்று அதைத் தட்டினாள். நீ விடுமுறை முடியுமுன்னே கிளம்பிவிட்டாய். நானும் தடுக்காமல் உன் பையைத் தூக்கி பஸ்ஸில் வைத்தேன். அதுதான் என்னை இன்னும் அரிக்கிறது.

போனில் கதை படித்துக் காட்டி நீயே பிள்ளையைக் கெடுத்துவிட்டதாகப் புலம்புகிறாயாம். இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்துப் போடப்போகிறாயாம். ஷூச்சின் சொன்னாள்.

டீச்சர் சொன்னதைக் கேள். "அவளுக்கு அம்மா யாருன்னு நல்லாத் தெரியும். எங்க இருப்பாங்கன்னுதான் தெரியல. கதையை மட்டும் நிறுத்திடாதீங்க."

வெளியூரில் இருக்கும் அம்மாக்கள் படித்துக்காட்டவென்று மையத்தின் செயலியில் இந்த வாரமும் கதை வந்திருக்கிறது. முயல் முள்ளங்கி பிடுங்குகிற கதை. நான் படித்தால் என் வாயைப் பொத்துகிறாள். அது உன் வேலையாம்.

இன்னொன்று. முன்பெல்லாம் போன் அடித்தால் அதைத் தேடி ஓடுவாள். நீ வந்து போனபிறகு வாசலுக்கு ஓடுகிறாள். கூப்பிட்டது உரக்கடைக்காரர் என்றாலும் கதவைத் திறந்து, நீ பஸ் ஏறிய ரோட்டையே பார்த்து நிற்கிறாள். குளிர்கிறது, உள்ளே வா என்றாலும் வருவதில்லை.

வேளைக்குச் சாப்பிடு. கையெழுத்துப் போடுமுன் ஒரு தடவை கூப்பிடு. போனை நான் வாசலிலேயே பிடித்துக்கொள்கிறேன். அவள் அங்கே நின்றபடியே கதை கேட்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்,
குவெய்ஷெங்