இழுத்தால் அறுகிற சங்கிலி

என் ஆசை அம்மாவுக்கு,

உன் கழுத்தோடு மண்ணுக்குள் போன சிலுவைச் சங்கிலி பவுன் இல்லை, கவரிங். நீ இருந்தவரை உன்னிடம் சொல்லாமல் மறைத்தேன். நம் சொந்தக்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் இப்போது எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்.

என் நர்சிங் படிப்புக்காக உன் பழைய சங்கிலியை விற்றாய். முதல் சம்பளத்தில் அதே மாதிரி பவுனில் எடுத்துத் தருவேன் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். சம்பளம் கைக்கு வந்த பிறகுதான் பவுன் விற்கிற விலை உறைத்தது. திண்டிவனத்தில் ஒரு கவரிங் கடைக்குப் போய், தினமும் போடுகிற மாதிரி, அச்சு அசலாகப் பவுன் போலவே இருப்பதைக் கேட்டேன். மாடு கட்டி இழுத்தாலும் அறாது என்று கடைக்காரர் கெட்டியாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சந்தோஷமாக வாங்கி வந்தேன்.

“இன்னாத்துக்குடி இவ்ளோ செலவு பண்ணிக்கினு வந்த? பவுனா?” என்று கேட்டாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம்மா என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சங்கிலியைச் சேலைக்கு மேலே எடுத்துப் போட்டுக்கொண்டு போனாய்.

அப்புறம் அந்த மத்தியானம். மேம்பாலத்துக்குக் கீழே பஸ்ஸுக்கு நின்றிருந்தாய். பைக்கில் வந்த இரண்டு பேர் சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள். விட்டுடும்மா என்று பூக்கார அக்கா கத்தியிருக்கிறார். நீ சிலுவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “எம்பொண்ணு வாங்கித் தந்ததுடா” என்றாயாம். சங்கிலியும் அறவில்லை, நீயும் விடவில்லை. தார் ரோட்டில் தலை மோதி அங்கேயே போய்விட்டாய்.

அடக்கத்துக்கு முன்னால் பவுனைக் கழற்றிவிடச் சொன்னார் அத்தை. நான் விடவில்லை. கழற்றினால் யாராவது உரசிப் பார்த்துவிடுவார்களோ என்கிற பயம், வேறொன்றும் இல்லை. அத்தனை பவுனையும் தாயோடு அனுப்பிவிட்டாளே என்று கல்லறையில் ஆளாளுக்கு என்னை மெச்சினார்கள். மூன்று வருஷமாகியும் மெச்சுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் பைக் சத்தம் கேட்டால் என் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது. நான் சங்கிலி போடுவதே இல்லை.

ஒன்று கேட்கட்டுமா? வேர்வைக்கு உன் கழுத்து கறுத்ததே, உனக்கா தெரிந்திருக்காது? தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தால் என் பொய்தான் உன்னைக் கொன்றது. தெரிந்தே பிடித்துக்கொண்டிருந்தால்? அதை நினைக்கத்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

நம் சின்னவள் ஸ்டெல்லாவுக்கு விழுப்புரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது. தினமும் ரயிலில் போய் வருகிறாள். தனக்கும் ஒரு சிலுவைச் சங்கிலி வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரிப்பு. நேற்று அங்கே கடைவீதிக்குக் கூட்டிப் போனேன். கடைக்காரர் பரப்பிய சங்கிலிகளை ஒவ்வொன்றாக விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தேன். எல்லாரும் அறாததாகக் கேட்பார்கள், நீங்கள் என்னம்மா இப்படி என்றார். இழுத்தால் அறுகிறதாக ஒன்று கொடுங்கள் என்றேன். நூல் மாதிரி மெலிசாக, பொட்டளவு சிலுவையோடு ஒன்று கிடைத்தது. முலாம் ஆறு மாதம் தாங்குமாம்.

கடை வாசலிலேயே அவளிடம் சொன்னேன்.

“இது கவரிங்டி. எவனாச்சும் இழுத்தா உட்டுடு.”

அவள் சிலுவையைக் கைக்குள் மூடிக்கொண்டு சிரித்தாள்.

“நீ வாங்கித் தந்தத எப்டிக்கா உடுவேன்?”

உன் குரல் அம்மா, அப்படியே உன் குரல். 

இனி தினமும் காலையில் அந்தச் சங்கிலியை நான்தான் அவள் கழுத்தில் மாட்டுவேன். உட்டுடுவேன்க்கா என்று அவள் வாயால் சொன்ன பிறகுதான் கொக்கியைப் பூட்டுவேன். சொல்லாத அன்றைக்கு அவள் வெறும் கழுத்தோடுதான் ரயில் ஏறுவாள். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. இதில் முலாம் இல்லை, அம்மா.

உன்னிடம் ஆமாம் என்று சொன்ன உன் மூத்த மகள்,
ஆரோக்கியமேரி