நூலகத்தில் சேர்ந்த அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா? அப்பா ஒழுங்காக மாத்திரை போடுகிறாரா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு நூலகத்துக்கு இணையதளம் செய்துகொண்டிருக்கிறோம். உறுப்பினர்கள் புது பாஸ்வேர்டு வைக்காமல், தங்கள் சமூக ஊடகக் கணக்கை வைத்தே உள்ளே வர ஒரு பொத்தான் சேர்த்தேன். அழுத்தினால் அந்த ஊடகம் ‘ஆமாம், இவர்தான்’ என்று பெயரையும் படத்தையும் மட்டும் அனுப்பும். பாஸ்வேர்டைப் பற்றி மூச்சுவிடாது. எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

நேற்று நூலகர் முன்னால் பெரிய திரையில் அழுத்திக் காட்டினேன். திரையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீ வந்து நின்றாய், உன் பெயரோடு! போன வாரம் உன் கணக்கைச் சரிசெய்ய என் லேப்டாப்பில் திறந்தேனே, அதை மூடவே இல்லை.

“யாரும்மா இவங்க?” என்றார் நூலகர்.

“எங்கம்மா சார்.”

கூட வந்திருந்த எங்கள் மேனேஜர் முறைத்தார். எந்தக் கணக்கு என்று கேட்டுவிட்டு உள்ளே விடும்படி அந்தப் பொத்தானைச் சாயங்காலமே மாற்றிவிட்டேன், கவலைப்படாதே.

நூலகர் மட்டும் சிரித்தார். “சேர்ந்தது சேர்ந்துட்டாங்க, இருக்கட்டும். என்ன புத்தகம் படிப்பாங்க?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்களை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னாய். நீ படித்து நான் பார்த்ததே இல்லையே.

அடுத்து அனுப்பும் பார்சலில் என் பழைய தலையணை உறையை வை, இங்கே வாங்கியது குத்துகிறது. உன் படம் ஒன்றையும் அனுப்பு, கொஞ்சம் பெரிதாக.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். திங்கட்கிழமை நூலகர் மறுபடி கேட்பார். உனக்கு என்ன படிக்கப் பிடிக்கும், அம்மா?

உன் மகள்