தொழில் என்ற கட்டம்

என் வீட்டு நடிகர் அவர்களுக்கு,

தங்கச்சியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நின்றுகொண்டு படிக்காதீர்கள், உட்காருங்கள்.

நேற்று என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, தொழில் என்ன என்று கிளார்க் கேட்டார். எழுத்தாளர் என்றேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? ஈயென்று இளித்துக்கொண்டு, "அட, அதெல்லாம் போடாதீங்க சார். அஞ்சாங்கிளாஸ்தான் படிச்சிருக்கா. பட்டன் தைக்கிற வேலைன்னு போடுங்க" என்றீர்கள். அவரும் எழுதியதை அடித்துவிட்டார். வயிற்றுவலியில் என்னால் வாய் திறக்க முடியவில்லை. இப்போது ஊசியில் வலி அடங்கிவிட்டது. இனி உங்கள் பாடு.

பட்டன் தைப்பது கேவலமில்லை. ஆனால் பதினோரு நோட்டு நிறையக் கதை இருக்கிறதே, அதைப் பக்கத்து வீட்டுப் பூனையா எழுதியது? எங்கள் கம்பெனியில் நாற்பது பேர் சாப்பாட்டு நேரத்தில் அடித்துப் பிடித்துப் படிக்கிறார்கள். சூப்பர்வைசரம்மா ஒரு நோட்டைப் பிடுங்கிக்கொண்டு போய், மறுநாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே திருப்பித் தந்தாள். நீங்கள் ஒரு பக்கமாவது புரட்டியதுண்டா? ஒரே ஒரு நாடகத்தில் போலீஸாக வந்து, "யாருய்யா உள்ள?" என்று கேட்டீர்கள். இருபது வருஷமாக நீங்கள் நடிகர்! நான் யாரிடமாவது அதைத் திருத்தினேனா?

காலையில் கிளார்க்கைக் கூப்பிட்டு, எழுத்தாளர் என்றே மாற்றச் சொன்னேன். புதுத் தாளாம். வீட்டு ஆள் மறுபடி கையெழுத்துப் போட்டால்தான் நாளைக்கு ஆபரேஷனாம். வந்து, படித்துப் பார்த்துப் போடுங்கள். மனசில்லையென்றால் வரவே வேண்டாம், தங்கச்சி போடுவாள். பன்னிரண்டாவது நோட்டு பாதியில் நிற்கிறது. கதையின் முடிவு தெரியாமல் தங்கச்சி என்னைச் சாக விடமாட்டாளாம்.

இப்படிக்கு,
ஏழாம் கட்டில்காரி